ஓர் இயந்திரம் 9.30 யூரோ: அயர்லாந்தின் மின்னணு வாக்குப்பதிவுத் திட்டம், 2000–2012

2012 ஜூன் கடைசியில் அயர்லாந்து அரசு தன் கிடங்குகளில் கிடந்த சுமார் 7,500 மின்னணு வாக்கு இயந்திரங்களை ஒஃபலி கவுண்டியின் டல்லமோர் நகரிலுள்ள மறுசுழற்சி நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. மொத்தமாகக் கிடைத்தது 70,267 யூரோ. ஓர் இயந்திரத்துக்கு 9.30 யூரோ. திட்டத்துக்கு அதுவரை ஆன செலவு சுமார் 5.4 கோடி யூரோ. இயந்திரக் கணக்கில் வகுத்தால் ஒன்றுக்கு 7,000 யூரோவுக்கு மேல். இவ்வளவு செலவில் வந்த முறை நாடு முழுவதற்குமான ஒரு தேர்தலில்கூடப் பயன்படவில்லை. 2002-இல் இரண்டு முறை, சில தொகுதிகளில் மட்டும் ஓடியது.

இயந்திரங்கள் பழுதானதால் இந்தப் பணம் போகவில்லை. பெரும்பாலானவை தேர்தலில் பயன்படுத்தப்படாமலே நல்ல நிலையில்தான் கிடந்தன. முதலில் வாங்கிவிட்டு அதற்குப் பிறகு சோதித்தார்கள். இழப்பின் வேர் இந்த வரிசைப் பிழையில் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களைப் பதவியால் மட்டுமே குறிப்பிடுகிறோம். ஆட்கள் மாறினார்கள், வரிசை மாறவில்லை என்பதைக் காட்ட அதுவே போதும்.

பின்னணி: எண்ணுவது ஏன் கடினம்

அயர்லாந்தில் ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள். வாக்காளர் ஒருவருக்கு மட்டும் குறியிடுவதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார். செல்லுபடியான வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, விடையோடு ஒன்றைச் சேர்த்தால் வெற்றிக்கான வரம்பு கிடைக்கும். 40,000 வாக்குகள், 4 இடங்கள் என்றால் வரம்பு 8,001.

ஒருவர் 9,001 பெற்றுவிட்டால் உபரி 1,000. அவருடைய 9,001 தாள்களையும் அடுத்த விருப்பப்படி கட்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலிருந்தும் விகிதாசாரப்படி இத்தனை தாள் என்று எடுத்து, மொத்தம் 1,000 தாள்களை மற்ற வேட்பாளர்களுக்கு மாற்றுகிறார்கள். கட்டின் மேலே இருப்பவைதான் போகும். அந்தத் தாள்களில் மூன்றாவது, நான்காவது இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது பின்வரும் சுற்றுகளைப் பாதிக்கும். அதனால்தான் எண்ணத் தொடங்குமுன் எல்லாப் பெட்டிகளின் தாள்களையும் நன்றாகக் கலக்க வேண்டும் என்பது விதி. கலந்த விதம் மாறினால், நெருக்கமான போட்டியில் முடிவே மாறலாம்.

இதற்கு நாள் பிடிக்கும். 1992 பொதுத்தேர்தலில் டப்ளின் தென்மத்தியத் தொகுதியின் கடைசி இடத்துக்கு மறு எண்ணிக்கை மட்டும் பத்து நாள் நடந்தது. இறுதி வித்தியாசம் 5 வாக்குகள். கணினிக்குப் போகலாம் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு வந்ததில் வியப்பில்லை. நோக்கத்தில் குறை காண முடியாது என்றே நினைக்கிறோம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வாக்குப் பெட்டிகளைத் திறந்து தாள்களை மேசையில் விரிக்கும்போது, தடுப்புக் கம்பிக்கு வெளியே எல்லாக் கட்சித் தொண்டர்களும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். கையில் அட்டை, பென்சில். ஒவ்வொரு தாளிலும் முதல் விருப்பம் யாருக்கு என்று எட்டிப் பார்த்து ஒருவர் சொல்ல, மற்றவர் கோடு போடுவார். எந்தச் சாவடியில் எத்தனை என்று மதியத்துக்குள் அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கும். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் அதை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுக்கொள்வதும் வழக்கம். சம்பளம் இல்லாமல், சட்டம் கட்டாயப்படுத்தாமல் நடந்துவந்த தணிக்கை இது. புதிய முறையைத் திட்டமிட்டபோது எந்தச் செலவுப் பட்டியலிலும் இதற்கு ஒரு வரி இல்லை. இல்லாமல் போனபோதுதான் இதன் மதிப்பு தெரிந்தது.

தேர்ந்தெடுத்த முறை

டச்சு நிறுவனமான நெடாப், அதன் கூட்டாளி பவர்வோட் ஆகியவற்றின் முறையை அரசு தேர்ந்தெடுத்தது. 2001-ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் வழிவிட்டது. முறைக்கு மூன்று பகுதிகள். சாவடியில் இருப்பது அகலமான பலகை போன்ற இயந்திரம். அதன் மேல் வேட்பாளர் பெயர்கள் அச்சிட்ட தாள். வாக்காளர் பெயருக்கு நேரேயுள்ள பொத்தானை விருப்ப வரிசையில் அழுத்திவிட்டு, கடைசியில் பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். வாக்குகள் கழற்றக்கூடிய நினைவகப் பெட்டி ஒன்றில் சேரும். வாக்குப்பதிவு முடிந்ததும் அந்தப் பெட்டியை எண்ணும் மையத்துக்குக் கொண்டுபோய், படிப்பான் கருவி வழியாகச் சாதாரண விண்டோஸ் கணினியில் ஏற்றுவார்கள். அங்கே தேர்தல் மேலாண்மை மென்பொருள் வாக்குகளைக் கலந்து, மேலே சொன்ன உபரி விதிகளைத் தாள்களில் செய்வதுபோலவே செய்து முடிவைத் தரும். வாக்குகள் இருந்தது மைக்ரோசாப்ட் ஆக்சஸ் தரவுத்தளத்தில்.

வாக்காளர் கண்ணால் பார்த்துச் சரி என்று உறுதிசெய்த தாள் எந்த இடத்திலும் இல்லை. ஆகவே மறு எண்ணிக்கை என்றால் அதே எண்களை அதே மென்பொருளில் இன்னொரு முறை கூட்டுவதுதான். பொத்தானை அழுத்தியதற்கும் நினைவகத்தில் பதிந்ததற்கும் இடையே பிழை நேர்ந்திருந்தால், எத்தனை முறை கூட்டினாலும் அது வெளியே வராது.

முதல் ஓட்டம்: 2002

2002 மே பொதுத்தேர்தலில் டப்ளின் வடக்கு, டப்ளின் மேற்கு, மீத் ஆகிய மூன்று தொகுதிகளில் இயந்திரம் வந்தது. டப்ளின் வடக்கில் முடிவு அறிவித்த விதம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. தாள் முறையில் சுற்றுச் சுற்றாக, மணிக்கணக்கில் வந்து மனத்தைத் தயார்ப்படுத்தும் செய்தி, இங்கே ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டது. முன்னாள் நீதித்துறை அமைச்சர் ஒருவர் தம் இடத்தை இழந்ததை, தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் நின்றபடியே அறிந்தார். அந்த முகத்தைப் பார்த்த பலருக்கு இந்த முறையின் மேல் முதல் கசப்பு அப்போதுதான் வந்தது.

அதிகாரபூர்வ மதிப்பீடு வெற்றி என்றது. அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நைஸ் உடன்படிக்கை மீது நடந்த இரண்டாவது பொது வாக்கெடுப்பில் ஏழு தொகுதிகளுக்கு விரிவாக்கினார்கள். 2004 ஜூன் 11-இல் ஐரோப்பிய நாடாளுமன்ற, உள்ளாட்சித் தேர்தல்கள் நடக்கவிருந்தன. அவற்றை நாடு முழுவதும் இயந்திரத்தில் நடத்துவது என்று முடிவானது.

இந்த வெற்றி எதை அளந்தது என்று நின்று பார்க்க வேண்டும். வாக்காளர்கள் பொத்தான்களைக் கையாள முடிந்தது. முடிவு விரைவாக வந்தது. இவை இரண்டும் உண்மை. ஆனால் முடிவு சரிதானா என்று ஒப்பிட இன்னொரு பதிவு இல்லை. இணையாகத் தாளிலும் வாக்கு வாங்கியிருந்தால் அல்லது இயந்திரமே தாள் அச்சிட்டிருந்தால் ஒப்பிட்டிருக்கலாம். தோற்பதற்கு வழியே இல்லாத சோதனையில் தேர்ச்சி பெற்றதைச் சான்றாகக் கொண்டு நாடு முழுவதற்கும் வாங்கத் துணிந்தார்கள். இந்த நிகழ்வில் மிகப் பெரிய பிழை இதுதான்.

அந்த ஓட்டத்தில் ஒரு நல்ல விஷயமும் நடந்தது. மூன்று தொகுதிகளின் முழு விருப்ப வரிசைகளும் பெயரின்றி வெளியிடப்பட்டன. தாள் முறையில் ஒருபோதும் கிடைக்காத தரவு அது. ஆய்வாளர்களுக்குப் பெரிதும் பயன்பட்டது.

வாங்கியதும் எச்சரித்ததும்: 2003

சோதனையே நடக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. ஜெர்மனியின் அளவியல் நிறுவனம் வாக்கு இயந்திரத்தைப் பார்த்தது. டச்சு ஆய்வு நிறுவனம் ஒன்றும் பார்த்தது. அயர்லாந்து மென்பொருள் நிறுவனம் ஒன்று மூல நிரலை, அதாவது மென்பொருளை எழுதிய கட்டளை வரிகளை, வாசித்தது. பிரிட்டனின் தேர்தல் சேவை அமைப்பு ஒன்று, முன்னரே விடை தெரிந்த வாக்குத் தொகுப்புகளைக் கொடுத்து எண்ணிக்கையைச் சரிபார்த்தது. ஒவ்வொருவரும் தமக்குக் கொடுத்த துண்டுக்குச் சான்று தந்தார்கள். பொத்தானிலிருந்து இறுதி முடிவுவரை முழுச் சங்கிலியையும், அதை உடைக்க நினைப்பவரின் கண்ணோடு, ஒரே அணி பார்த்ததில்லை. மென்பொருளும் நிலையாக இல்லை. புதுப்புதுப் பதிப்புகள் வந்துகொண்டிருந்தன. சோதித்த பதிப்பும் தேர்தலில் ஓடப்போகும் பதிப்பும் ஒன்றாக இல்லை.

எச்சரிக்கை வெளியிலிருந்து வந்தது. மேனூத் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்த மாணவி ஒருவர் இந்த முறையையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் தகவல் அறியும் சட்டத்தின் கீழ், அன்று தேர்தல்களைக் கவனித்துவந்த சுற்றுச்சூழல் துறையின் ஆவணங்களைக் கட்டுக்கட்டாகக் கேட்டு வாங்கினார். 2003-இல் ஒரு குடிமக்கள் குழு உருவானது. அவர்களுடைய கோரிக்கை ஒன்றுதான்: வாக்காளர் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய தாள் பதிவு. கணினியை வெறுப்பவர்கள் என்று அவர்களை ஒதுக்க முடியாது. எல்லாரும் கணினியால் பிழைப்பவர்கள். 2003 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு முன்னும் கணினி வல்லுநர்கள் சாட்சியம் சொன்னார்கள். திட்டம் நிற்கவில்லை. பெரும்பணத்துக்கான ஒப்பந்தங்கள் ஆனபின், விளம்பரப் பிரசாரமும் தொடங்கியது.

ஆணையம்: மார்ச் – ஏப்ரல் 2004

எதிர்ப்பு வலுத்ததும் 2004 மார்ச்சில் அரசு ஒரு சுயாதீன ஆணையத்தை அமைத்தது. உயர் நீதிமன்ற நீதிபதி தலைவர். நாடாளுமன்ற இரு அவைகளின் செயலாளர்கள், கல்வித் துறையையும் அறிவியல் துறையையும் சேர்ந்த இருவர் உறுப்பினர்கள். கேள்வி இரண்டே: வாக்கின் இரகசியம் காக்கப்படுமா, கணக்கு துல்லியமாக இருக்குமா. அவகாசம் இரண்டு மாதம்.

ஏப்ரல் கடைசியில் வந்த இடைக்கால அறிக்கை, ஜூன் தேர்தலுக்கு இந்த முறையைப் பரிந்துரைக்க முடியாது என்றது. முறை வேலை செய்யாது என்று ஆணையம் சொல்லவில்லை. வேலை செய்யும் என்று மெய்ப்பிக்க முடியவில்லை என்றது. இந்த வேறுபாடு முக்கியமானது. அன்றைய விவாதத்தில் பலர் இதைத் தவறவிட்டார்கள். இறுதி மென்பொருள் பதிப்பு அதுவரை தயாராகவில்லை. முழு மூல நிரலும் ஆணையத்தின் கைக்கு வரவில்லை.

கிடைத்த சில வாரங்களில் வல்லுநர்கள் கண்டவையும் கவலை தந்தன. எண்ணும் மையத்துக் கணினி பாதுகாப்பு இறுக்கப்பட்டது என்று சொல்லப்பட்டிருந்தது. அந்தப் பூட்டுகளை எளிதாகத் தாண்டி, கணினியை முழுதும் தம் வசமாக்கி, மென்பொருளை மாற்றி எழுத முடிந்தது. அப்படிச் செய்தால் ஒரு தொகுதியின் எண்ணிக்கையையே கைப்பற்றலாம். ஒரு சாவடி இயந்திரத்தைக் கெடுத்தால் சில நூறு வாக்குகள். எண்ணும் கணினியைக் கெடுத்தால் தொகுதி முழுவதும். தாள் முறையில் இல்லாத ஒற்றைப் பலவீனப் புள்ளி இது.

இரகசியத்திலும் ஓட்டை இருந்தது. சாவடிக்கு வந்தும் யாருக்கும் போட விரும்பாதவர் தாள் முறையில் வெற்றுத் தாளை மடித்துப் பெட்டியில் போடலாம், ஒருவருக்கும் தெரியாது. இங்கே அவர் எதையும் அழுத்தாமல் வெளியேறினால் இயந்திரத்தை ஊழியர் அணைத்துத் திருப்ப வேண்டும். இவர் வாக்களிக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அரசு உடனே பின்வாங்கியது. தேர்தலுக்கு ஆறு வாரமே இருந்த நிலையில் மறுபடியும் தாள், பெட்டி, பென்சில். அந்த அவசரத்திலும் ஜூன் 11 தேர்தல் தாளில் ஒழுங்காக நடந்து முடிந்தது.

கிடங்கில் கழிந்த ஆண்டுகள்: 2004 – 2009

செலவு நின்றிருக்க வேண்டிய இடம் இது. நிற்கவில்லை. இயந்திரங்களைப் பாதுகாக்கும் பொறுப்பு அந்தந்தப் பகுதித் தேர்தல் நடத்தும் அலுவலர்களுடையது. அவரவர் ஊரில் கிடைத்த இடத்தை அவரவர் பேசி எடுத்தார்கள். வாடகையும் காலமும் ஊருக்கு ஊர் வேறு. கேவன்–மொனகன் பகுதியில் குத்தகை 25 ஆண்டுக்கு. வெப்பம், ஈரம், பூட்டு, காப்பீடு எல்லாம் சேர்ந்து தொடக்க ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 7 லட்சம் யூரோ. 2007-இல் 4,762 இயந்திரங்களை மீத் கவுண்டியின் கார்மன்ஸ்டன் இராணுவ முகாமுக்கு மாற்றிய பிறகே அது இறங்கியது. ஒரே அரசுக் கட்டடத்தில் வைத்திருக்கலாம் என்ற முடிவுக்கு வர மூன்று ஆண்டு ஆனது.

2006 ஜூலையில் ஆணையத்தின் இரண்டாவது அறிக்கை வந்தது. இயந்திரத்தைச் சில மாற்றங்களோடு ஏற்கலாம்; மேலாண்மை மென்பொருளை ஏற்க முடியாது, அதற்கு மாற்று வேண்டும் என்றது. அன்றைய நிலையில் தாள் முறையே ஓரளவு மேல் என்ற ஒப்பீடும் அதில் இருந்தது. அப்போதும் பிரதமர் திட்டத்தைக் கைவிடவில்லை. பென்சிலோடு நின்றால் நாடு நகைப்புக்கு இடமாகும் என்று அவையில் வாதிட்டார்.

அதே ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்தில் ஒரு குடிமக்கள் குழு அதே நிறுவனத்தின் நெருங்கிய மாதிரி ஒன்றைத் தொலைக்காட்சியில் திறந்து காட்டியது. மூடியின் பூட்டுக்கு எல்லா இயந்திரங்களிலும் ஒரே வகைச் சாவி; கடையில் சுமார் ஒரு யூரோவுக்குக் கிடைப்பது. உள்ளே நிரல் இருக்கும் சில்லுகளைச் சில நிமிடங்களில் மாற்றிவிட முடிந்தது. இந்த இயந்திரத்தால் வாக்கு எண்ணுவதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது என்று சொல்லப்பட்டு வந்ததால், அதில் சதுரங்க விளையாட்டை ஓட்டிக் காட்டினார்கள். திரை உமிழும் வானொலி அலைகளைச் சில மீட்டர் தள்ளியிருந்து பிடித்து, குறிப்பிட்ட ஒரு கட்சியைத் தேர்ந்தெடுத்தாரா என்று அறியவும் முடிந்தது. அந்தக் கட்சிப் பெயரில் இருந்த ஒரு சிறப்பு எழுத்துக் குறி திரையின் அலைவரிசையை மாற்றியதே காரணம். நெதர்லாந்து மறுபடி தாளுக்குப் போனது. 2009 மார்ச்சில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம், 2005 தேர்தலில் இந்நிறுவன இயந்திரங்களைப் பயன்படுத்தியது அரசமைப்புக்குப் புறம்பானது என்றது. வல்லுநர் அறிவு இல்லாத குடிமகனும் எண்ணிக்கையைச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பது அதன் அடிப்படை.

முடிவு: 2009 – 2012

2009 ஏப்ரல் 23-இல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். அதற்குள் செலவு 5.1 கோடி யூரோவைத் தொட்டிருந்தது. நாடு கடும் நிதி நெருக்கடியில் இருந்தது. திருத்தி அமைக்க இன்னும் பெருந்தொகை வேண்டும். மக்களுக்கு நம்பிக்கையும் இல்லை. பிறகு இவற்றை எப்படித் தீர்ப்பது என்று ஆராயத் துறைகளுக்கிடையிலான பணிக்குழு. விற்பனை முடிய மேலும் மூன்று ஆண்டு. வேறு நாடு எதுவும் வாக்கு இயந்திரமாக வாங்க முன்வராததால், உலோகம், பிளாஸ்டிக், மின்னணுத் தட்டு என்ற மதிப்புக்கே போயின.

யார் பொறுப்பு? இதற்காக எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை. முறையைத் தொடங்கியவர், வாங்கியவர், கிடங்கில் வைத்திருந்தவர், கைவிட்டவர், விற்றவர் என ஒவ்வொரு கட்டத்திலும் அமைச்சர் வேறு. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு முன் வந்து பதில் சொல்ல வேண்டியவர் துறையின் தலைமைச் செயலாளர். அந்தக் குழு கொள்கையின் நன்மை தீமையை விசாரிக்க விதி இடம் தராது. தணிக்கை அதிகாரியும் செலவான பிறகே வருகிறார். வாங்கலாம் என்பது அமைச்சரவையின் கொள்கை முடிவு. எனவே கணக்குக் குழுவின் எல்லைக்கு வெளியே. பணம் சரியான தலைப்பில், சரியான கையெழுத்தோடு செலவானது. எனவே கணக்கில் முறைகேடு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே 5.4 கோடி யூரோ விழுந்தது. இதை ஒரு தனிமனிதர் தப்பித்ததாக நாங்கள் பார்க்கவில்லை. கேள்வி கேட்கும் இருக்கை ஒன்று அமைப்பிலேயே காலியாக இருந்தது.

எவை வேறாக இருந்திருக்க வேண்டும்

ஆணையம் 2004-இல் வந்ததற்குப் பதிலாக 2001 சட்டத்தோடு வந்திருக்க வேண்டும். அது கண்டவை எல்லாம் 2002-லும் கண்டுபிடிக்கக்கூடியவை. புதிய அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை. அதன் சான்று கிடைத்த பிறகே கொள்முதல் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்திருந்தால், இழப்பு மூன்று தொகுதிகளின் இயந்திரங்களோடு நின்றிருக்கும். நிரந்தரமான, அரசிடமிருந்து விலகி நிற்கும் தேர்தல் ஆணையம் அயர்லாந்துக்கு 2023 பிப்ரவரியில்தான் வந்தது.

முன்னோட்டத்துக்குத் தோல்வி வரையறை வேண்டும். எத்தனை வாக்கு வேறுபட்டால், எந்த வகைப் பிழை கண்டால் திட்டம் நிற்கும் என்று முன்கூட்டி எழுதி வெளியிட வேண்டும். அதற்கு ஒப்பிட இரண்டாவது பதிவு வேண்டும். தாள் அச்சு தவிர்க்க முடியாதது ஆவது இங்கேதான்.

ஒப்பந்தத்தில் மூல நிரலைப் பார்க்கும், வெளியாருக்குக் காட்டும் உரிமை அரசிடம் இருந்திருக்க வேண்டும். பதிப்பு உறைநாள் ஒன்றும் வேண்டும்: அந்த நாளுக்குப் பின் ஒரு வரி மாறினாலும் சோதனை முதலிலிருந்து. தொகையைத் தவணையாகப் பிரித்து, பெரும்பங்கைச் சுயாதீன ஏற்புக்குப் பின் கொடுப்பதாக எழுதியிருந்தால், தாமதத்தின் சுமையில் ஒரு பங்கை விற்றவரும் சுமந்திருப்பார்.

மேலாண்மைக் கணினியைத் தாக்கிப் பார்க்கும் பணியைச் சான்றளிக்கும் அமைப்புகளிடமிருந்து பிரித்து, உடைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொடுத்திருக்க வேண்டும். ஆணையத்தின் வல்லுநர்களுக்குச் சில வாரங்களே போதுமாக இருந்தன.

கிடங்குக் குத்தகை சிறிய விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு திட்டம் நிறுத்தப்பட்ட நாளிலேயே மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் விடை வேண்டும்: பொருள் எங்கே இருக்கும், மாதம் எவ்வளவு ஆகும், எந்தத் தேதிக்குள் திருத்துவதா விற்பதா என்று முடிவாகும். 2004 மே மாதம் யாரும் அந்தத் தாளை எழுதவில்லை. எழுதியிருந்தால், ஒரு வாக்கும் பதியாத இயந்திரத்துக்கு 25 ஆண்டு வாடகைக்குக் கையெழுத்திட எந்த அலுவலருக்கும் துணிவு வந்திருக்காது. மாதக் கணக்கில் புதுப்பிக்கும் குத்தகையும், ஒரு மாத முன்னறிவிப்பில் முறிக்கும் விதியும் போதுமாக இருந்திருக்கும்.